பதின்வயதினருக்கான ஆராதனைப் பாடக் கையேடு: வாங்கலாம், ஆனால் அப்படியே நடத்த வேண்டாம்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைச் சேகரங்களில், ஞாயிறன்று பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தருகிற ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் கையில் இந்தக் கையேடு இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏ4 தாளில் அச்சடித்து ஸ்பைரல் போட்டது. ஞாயிற்றுக்கு ஒன்றாக 13 பாடம், மூன்று மாதத்துக்கு வரும். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அட்டையில் எழுதியவர் பெயரும் கிடையாது, பதிப்பகமும் கிடையாது. சில ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்து அடக்க விலைக்கே கொடுக்கிறார்கள். ஆசிரியர் பிரதி 90 ரூபாய், பிள்ளைகளுக்கான வார அட்டைகள் செட்டுக்கு 20 ரூபாய். ஒரு காலாண்டு முழுக்க இதை வைத்துப் பாடம் நடத்தி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், கண்டிப்பாக வாங்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆராதனை என்றால் என்ன என்று சொல்லித்தர நம்மிடம் இருப்பதெல்லாம் பாட்டுப் புத்தகமும் வசனப் போட்டியும்தான். ஞாயிறு காலை ஆலயத்தில் நடப்பது திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலிலும் சாயங்காலம் வீட்டு அடுப்படியிலும் தொடர வேண்டும் என்பதை இவ்வளவு நேராகப் பிள்ளைகளிடம் பேசுகிற பாடத்தை நான் வேறு பார்க்கவில்லை. குறைகளும் உண்டு, அதில் ஒன்று பெரிய குறை, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சரீரத்தை ஜீவபலியாகத் தேவனுக்கு ஒப்புக்கொடுங்கள் என்கிற ரோமர் 12:1 எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். "ஜீவபலி", "புத்தியுள்ள ஆராதனை" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சரி, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பாடுவது, ஜெபிப்பது, வாலிபர் கூட்டத்துக்கு வருவது, அதோடு நின்றுவிடும். கையேடு இதற்கு எடுத்திருக்கிற வழி ரொம்ப எளிது. முதல் வசனத்தோடு விடாமல் அதிகாரம் முழுவதையும் வாசிக்க வைத்து, ஜீவபலி என்று ஆரம்பித்த பவுல் மிச்சமுள்ள இருபது வசனத்தில் என்னென்ன செய்யச் சொல்கிறார் என்று பென்சிலால் கோடு போடச் சொல்கிறது. குறைவில் இருக்கிறவர்களுக்கு உதவுவது, அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களோடு அழுவது, தாழ்ந்தவர்களுக்கு இணங்குவது, சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு போடுவது. கோடு போட்டுக்கொண்டே வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், பாட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றான். அதை நான் சொல்லியிருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள், அவனே கண்டுபிடித்ததால் வகுப்பே மறுபடி புரட்டிப் பார்த்தது.

ஒவ்வொரு பாடமும் இப்படித்தான் போகிறது. ஒரு வேதபகுதி, கொஞ்சம் பேச்சு, கடைசியில் ஒரு வார அட்டை. அட்டை பள்ளி ஐடி கார்டு உறைக்குள் நுழைகிற அளவு. அதில் அந்த வாரம் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் இருக்கும். அடுத்த ஞாயிறு முதல் பதினைந்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேச வேண்டும், புதுப் பாடத்துக்கு அவசரப்படக் கூடாது என்று ஆசிரியர் பிரதியில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கையேட்டின் உயிரே இந்தப் பதினைந்து நிமிடம்தான். இதை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் நடத்தினால் இன்னொரு பிரசங்கமாகத்தான் முடியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆமோஸ் பாடம். பிள்ளைகளுக்கு ஆமோஸைத் தெரியாது, சின்னத் தீர்க்கதரிசிகளை நாம் கற்றுக்கொடுப்பதும் இல்லை. யூதாவிலுள்ள தெக்கோவாவில் மந்தை மேய்த்துக்கொண்டும் காட்டத்திப்பழம் பொறுக்கிக்கொண்டும் இருந்த மனுஷன், வடக்கே பெத்தேலுக்கு, ராஜாவே ஆதரிக்கிற ஆலயத்துக்குப் போய் நின்று பேசுகிறார். யெரொபெயாம் காலத்தில் நாடு செழிப்பாக இருக்கிறது, பண்டிகைக்கும் பலிக்கும் குறைவே இல்லை. அந்த இடத்தில், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று கர்த்தர் சொல்வதாக ஆமோஸ் அறிவிக்கிறார். அதற்கு அடுத்த வசனம், "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது." பெத்தேலின் ஆசாரியனான அமத்சியா, உன் ஊருக்கே ஓடிப்போ என்று விரட்டுகிறான். பாட்டில் என்ன தப்பு என்பதற்கு எட்டாம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிற வியாபாரிகள், தானியம் அளக்கிற மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசு வைத்து, கோதுமைப் பதரையும் சேர்த்து ஏழைக்கு விற்கிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்கிறது கையேடு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒன்றுக்குள் மட்டும் அடியில் தடிமனான அட்டையை வெட்டி வைத்துவிட வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டிலும் அரிசி அளக்கவைத்து, இரண்டு பேப்பர் தட்டில் கொட்டச் சொன்னேன். குவியல் வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது, தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் டப்பாவை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வார அட்டையில் இருந்த கேள்வி: "உன்னிடமிருந்து யாருக்குப் போக வேண்டியது இன்னும் போய்ச் சேரவில்லை?" அடுத்த ஞாயிறு வந்த பதில்கள் எல்லாம் சின்னச் சின்னவை. இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ரெக்கார்டு நோட்டு, ஷேர் ஆட்டோவில் நண்பன் கொடுத்த காசு, கேன்டீன் அக்கா கூடுதலாகக் கொடுத்துவிட்ட மீதிச் சில்லறை. ஆமோஸ் கேட்ட நியாயம் இவ்வளவு சின்னதாகவா என்று தோன்றலாம். பதினான்கு வயதில் கைக்கு எட்டுகிற நியாயம் அந்த அளவுதான், அங்கே தொடங்கினால் போதும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டு வேலையைப் பற்றிய பாடம் நல்ல பாடம், ஆனால் எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அட்டையில், "இந்த வாரம் ஒரு நாள் இரவு வீட்டுப் பாத்திரங்களை நீயே கழுவு, அதைத் தேவனுக்குச் செய்வதாக நினைத்துச் செய்" என்று போட்டிருக்கிறது, கொலோசெயர் 3:23 துணைக்கு. பையன்கள் வந்து பெருமையாகச் சொன்னார்கள், ஒருவன் அம்மா அழுதேவிட்டார்களாம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நான் தினமும்தான் கழுவுறேன். அதை யாரும் ஆராதனைன்னு சொன்னதே இல்லை. அவன் ஒரு நாள் கழுவினா மட்டும் சாட்சியா?" இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. அன்றைக்கு வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு அவள் கேள்வியையே பேசினோம், இந்தக் காலாண்டில் நடந்த நல்ல வகுப்பு அதுதான். அடுத்த பதிப்பில் இந்த அட்டையை இரண்டாகப் பிரித்துவிடலாம். தினமும் வேலை செய்கிற பிள்ளைக்கு, அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி வீட்டில் கேட்பதுதான் அந்த வாரக் காரியம் என்று இருக்கட்டும்.

பரீட்சைப் பாடத்தைப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். பிட் வைப்பது பாவம் என்று சொல்லிவிட்டு ஓடாமல், தன் தாளைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிற சிநேகிதிக்கு என்ன பதில் என்று கேட்கிறது. அம்மா உடம்புக்கு முடியாமல் கிடந்ததால் படிக்கவே முடியாத சிநேகிதி. காட்டினால் பொய், காட்டாவிட்டால் அன்பில்லை. கையேடு இதை ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டாம், பிள்ளைகளே பேசட்டும் என்கிறது, அது சரியான ஆலோசனை. எங்கள் வகுப்பில், பரீட்சை ஹாலில் காட்டுவதற்குப் பதிலாக அதற்கு முந்தின வாரங்களில் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும் என்று ஒரு பெண் சொன்னாள். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து நிஜமாகவே கணக்கில் பின்தங்கிய ஒருத்திக்குச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மத்தேயு 5:23, 24 பாடத்தை, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் வையுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருவிருந்து முறைமை 1950-ல் வந்தபோதே, கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுக்கிற பகுதியை அதில் சேர்த்துவிட்டார்கள். கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்களிடம் பல நூற்றாண்டாக இருந்த வழக்கம் அது. நம் பிள்ளைகள் அதைப் பெஞ்சில் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கை கொடுப்பதாகவே செய்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். யாரோடு பேச்சு இல்லையோ அவரைத் தேடிப் போய்க் கொடுப்பதற்கான இடம் அது என்பதைப் பாடம் அழகாகக் காட்டுகிறது. செல்போன் திரை உடைந்த தகராறில் பேசாமலிருந்த இரண்டு பையன்கள், ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை நடந்து போய்க் கை கொடுத்துக்கொண்டார்கள். போதகர் ஐயா கொஞ்சம் திகைத்துப் போய்ப் பார்த்தார், ஆனால் ஆராதனையை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார், அதற்கு அவருக்கு நன்றி.

வரலாற்றுப் பாடம் இரண்டு இருக்கிறது, இரண்டும் நம் மண்ணைப் பற்றியது. ஒன்று வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்நின்றவர், பிறகு தானே தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாக ஊழியம் செய்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். இன்னொன்று டோனாவூர் குழந்தைகள் இல்லம். கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901-ல் தப்பி ஓடி மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்ததும், அதிலிருந்து ஒரு குடும்பமே உருவானதும் பிள்ளைகளுக்குக் கதையாகத் தெரியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஊழியமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள் என்பதும், அவர் அதை விடாமல் 1951-ல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது. வண்டி ஏற்பாடு செய்ய முடிந்தால் இந்தப் பாடத்தை வகுப்பறையில் நடத்தாமல் டோனாவூருக்கே கூட்டிக்கொண்டு போங்கள், முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டு.

இனி அந்தப் பெரிய குறை. சாதியைப் பற்றி 13 பாடத்தில் அரைப் பக்கம்தான் இருக்கிறது, அதுவும் "எல்லாரையும் நேசிப்போம்" என்கிற அளவில். திருநெல்வேலி, தூத்துக்குடியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுகிற பாடத்தில் இது போதவே போதாது. பள்ளிக்கூடத்தில் கையில் எந்த நிறக் கயிறு என்று பார்த்து ஆள் அடையாளம் வைத்துக்கொள்கிற பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள், சிலர் கையிலும் கயிறு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது, சாதிக் கயிறைத் தடைசெய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை வந்தது. இது நடந்தது நம் சபைகள் அடர்ந்திருக்கிற வட்டாரத்தில். ஆராதனை என்றால் வாழ்ந்து காட்டுவது என்று சொல்கிற புத்தகம் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தக் கூடாது.

அதனால் இந்த அரைப் பக்கத்தை எடுத்துவிட்டு நானே ஒரு முழுப் பாடம் எழுதிச் சேர்த்தேன், விருப்பமுள்ளவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேதபகுதி யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கம். மினுக்கான வஸ்திரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடம், கந்தையோடு வருகிற ஏழைக்கு, நீ அங்கே நில், என் பாதபடியண்டையில் உட்கார். ஆராதனைக்குள்ளேயே இடம் பிரிக்கிற பாவத்தைப் பற்றித்தான் யாக்கோபு பேசுகிறார். அதற்குப் பிறகு நம் வரலாறு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார், வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. கத்தோலிக்கச் சபையில் வடக்கன்குளம். அங்கே ஆலயத்தையே கால்சட்டையின் இரண்டு கால் மாதிரிப் பிரித்துக் கட்டி, சாதிக்கொரு பக்கமாக உட்கார வைத்திருந்தார்கள், நடுவிலிருந்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பக்கமும் ஒரே பாட்டுதானே டீச்சர் பாடியிருப்பாங்க?" ஆமாம், ஒரே ஜெபமும்தான். அந்த வார அட்டைக்கு, நீ இதுவரை சாப்பிடாத வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு வா, அல்லது உன் வீட்டுக்கு இதுவரை வராத வகுப்புத் தோழனைச் சாப்பிடக் கூப்பிடு என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் செய்யவில்லை. இரண்டு வீட்டிலிருந்து பெற்றோர் என்னைத் தேடி வந்து, பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். யாக்கோபைத்தான் திறந்து காட்டினேன். ஒருவர் சமாதானமாகவில்லை. செய்த பிள்ளைகள் பேசியதைக் கேட்டவர்கள் யாரும் இந்தப் பாடம் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த குறை, ஸ்டார் அட்டவணை. காரியம் செய்த பிள்ளைக்கு ஒரு ஸ்டார், காலாண்டு முடிவில் பரிசு என்று கையேட்டின் பின்னட்டையில் கட்டம் போட்டிருக்கிறார்கள். இதை முதல் நாளே கிழித்துவிடுங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிற வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நற்கிரியைக்கு மதிப்பெண் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சின்ன வகுப்புக்கு அது சரிப்படலாம், இந்த வயதில் பிள்ளைகள் அதற்காகவே கதை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பாடல் பற்றிய பாடமும் எனக்கு உடன்பாடில்லை. கீபோர்டு, டிரம்ஸ், கை தட்டுவது எல்லாவற்றையும் வெறும் சத்தம் என்று தள்ளிவிடுகிற தொனி அதில் இருக்கிறது. வாழ்வதுதான் ஆராதனை என்று சொல்ல, பாடுகிற பிள்ளையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. எங்கள் பாடகர் குழுவில் இருக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வாசித்து மனசு நொந்துபோனார்கள். அப்போஸ்தலர் 16-ல் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்ட நிலையில் பாடுகிறார்கள், காவலில் வைக்கப்பட்டிருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதே ராத்திரியில் சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவிச் சாப்பாடும் வைக்கிறான். பாட்டும் காயம் கழுவிய தண்ணீரும் ஒரே ராத்திரியில் இருக்கின்றன. இந்தப் பகுதியை வைத்துப் பாடத்தைத் திருப்பி நடத்தினேன், நன்றாகவே போனது.

சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை வருகிற மாதமாக இருந்தால் கடைசிப் பாடத்தை அதோடு சேர்த்துவிடுங்கள். வார அட்டையில் பொதுவாகச் "சேவை செய்" என்று இருக்கிறது. அதை, பரிமாறுவது, இலை எடுப்பது, அண்டா தேய்ப்பது என்று பிரித்துக் கொடுங்கள், அதிலும் யார் எப்போதும் பரிமாறுகிறார்கள், யார் எப்போதும் அண்டா தேய்க்கிறார்கள் என்று பிள்ளைகளையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த தாளைச் சபைக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறோம்.

தாள் மெலிசு, ஸ்பைரல் கம்பி பையில் மாட்டி வளைந்துவிடுகிறது, படங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் முகம். இதெல்லாம் 90 ரூபாய்க்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகச் சொல்கிற அட்டைகளுக்கு மட்டும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, கூட இரண்டு பெரியவர்களாவது போங்கள், கையேடு அதைச் சொல்லவே இல்லை. நிறைய பிள்ளைகள் இருக்கிற சபைகள் வார அட்டைகளை ஒரு செட் மட்டும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், தயாரித்தவர்களே அதற்கு அனுமதி கொடுத்து உள்ளட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.